காரணம் சொல்லாத நாவல்களை வாசிப்பது எப்படி?

காஃப்காவின் ‘விசாரணை’யைப் பாதியில் மூடிவைத்துவிட்டதாகவும், அதன்பின் எடுத்த இரண்டு நாவல்களும் யாரோ கண்ட கனவைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்ததால் அவற்றையும் முடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கனவின் போக்கில் செல்லும் சர்ரியலிச நாவல்களையும், நோக்கம் பிடிபடாத அபத்த நாவல்களையும் எப்படி வாசிக்க வேண்டும், அதற்கு முன்னால் தத்துவம் ஏதும் படித்திருக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். இவ்விரண்டு கேள்விகளுக்கும் நடுவில், போகிறபோக்கில், ‘இவற்றில் உண்மையிலேயே ஏதோ இருந்து அது எனக்குத்தான் எட்டவில்லையா, அல்லது ஒன்றுமில்லாததைத்தான் எல்லோரும் புகழ்கிறார்களா’ என்று ஒரு வரியும் வருகிறது. நீங்கள் அறிய விரும்புவது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். வாசிக்கும் முறையை மட்டும் சொல்லிவிட்டு இந்த ஐயத்தைத் தொடாமல் விட்டால் பாதி விடை சொன்னதாகவே ஆகும்.

பல ஆண்டுகளாக இலக்கிய வகுப்பில் இவ்வகை நாவல்களை மாணவர்களோடு சேர்ந்து வரிவரியாக வாசித்து வருகிறேன். இவற்றில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கிற மாணவர்களே. செய்யுளுக்குப் பொருள் எழுதிப் பழகிய மனம், இத்தகைய நாவலைத் திறந்ததுமே ‘இது எதைக் குறிக்கிறது’ என்ற கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டுவிடுகிறது. பூச்சி எதைக் குறிக்கிறது, நீதிமன்றம் எதைக் குறிக்கிறது என்று பக்கத்துக்குப் பக்கம் நின்று விடை தேடினால் முதல் அத்தியாயத்துக்குள்ளேயே களைப்பு வந்துவிடும். கிடைக்கிற விடையும் எந்த நாவலுக்கும் பொருந்துகிற ஒரு பொது வாசகமாக, ‘மனிதனின் தனிமை’ என்றோ ‘அதிகாரத்தின் கொடுமை’ என்றோ இருக்கும். அந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் வாசிப்பில் அதற்கு வேலையில்லை என்கிறேன். அப்போது கேட்க வேண்டியது இதுதான்: சொல்லப்பட்டது சொன்னபடியே நடந்ததாக வைத்துக்கொண்டால், அதன் விளைவாக அடுத்து என்ன நடக்கிறது, அதைக் கண்டு யார் வியக்கிறார்கள், யார் வியக்கவில்லை?

இந்தக் கேள்வி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதைப் பார்க்க, 1912இன் இறுதியில் எழுதப்பட்டு 1915இல் வெளியான காஃப்காவின் ‘உருமாற்றம்’ குறுநாவலை எடுத்துக்கொள்வோம். கிரேகர் சாம்சா ஒரு காலையில் பெரும்பூச்சியாகக் கண்விழிக்கிறான் என்பது முதல் வாக்கியத்திலேயே சொல்லி முடிக்கப்பட்டுவிடுகிறது. தனக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு கணம் எண்ணுகிறான். ஏன் நேர்ந்தது என்று ஆராய்வதில்லை. அடுத்து அவன் கவலைப்படுவது ரயிலைப் பற்றி. அலாரம் நான்கு மணிக்கு வைத்திருந்தது, இப்போது ஆறரை, ஐந்து மணி ரயில் போய்விட்டது, அடுத்தது ஏழு மணிக்கு. பெற்றோர் தன் முதலாளியிடம் பட்ட கடனை அடைக்க இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்ற கணக்கும் தலைக்குள் ஓடுகிறது. அதற்குள் அவன் ஏன் வரவில்லை என்று விசாரிக்க அலுவலகத்திலிருந்து தலைமை எழுத்தரே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். பிறகு தங்கையின் பணிவிடையைக் கவனியுங்கள். அவனுக்கு முன்பு பிடித்திருந்த பாலில் ரொட்டித் துண்டுகளைப் போட்டு வைக்கிறாள். அவனால் அதைத் தொட முடியவில்லை. மறுநாள் கிண்ணத்தை எடுக்கும்போது வெறுங்கையால் எடுக்காமல் ஒரு துணியால் பிடித்து எடுக்கிறாள். பின்பு அவனுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொள்வதற்காகப் பழைய செய்தித்தாளின் மேல் அழுகத் தொடங்கிய காய்கறி, எலும்பு, முன்பு அவனே தின்ன முடியாதென்று ஒதுக்கிய பாலாடைக்கட்டி என்று பலவற்றைப் பரப்பி வைக்கிறாள். அண்ணன்மேல் அவளுக்குள்ள அன்பும் அருவருப்பும் அந்தத் துணியிலும் செய்தித்தாளிலும் இருக்கின்றன. பூச்சி எதற்குக் குறியீடு என்று யோசித்துக்கொண்டே வாசிக்கிறவர் இந்தத் துணியைக் கவனிக்காமல் கடந்துவிடுவார் என்பதே என் கவலை. அட்டைப்படத்தில் அந்தப் பூச்சியை வரையவே வேண்டாம், தூரத்தில் தெரிவதாகக்கூட வேண்டாம் என்று காஃப்கா 1915 அக்டோபரில் பதிப்பகத்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அவர் தடுத்தது ஓவியத்தைத்தான் என்றாலும், ஒற்றைக் குறியீட்டைத் தேடும் வாசகரும் அந்தப் படத்தையே வேறு வழியில் வரைகிறார் என்று எனக்குத் தோன்றும்.

நீங்கள் மூடிவைத்த ‘விசாரணை’க்கு வருகிறேன். நீங்கள் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று சொல்லவில்லை. முதல் விசாரணை நடக்கும் அத்தியாயத்தைக் கடந்திருந்தால் அதை மறுபடி ஒருமுறை பாருங்கள். என்ன குற்றம் என்று சொல்லப்படாமலே கைதான யோசப் க.வை ஞாயிற்றுக்கிழமை விசாரணைக்கு வரும்படி தொலைபேசியில் அழைக்கிறார்கள். முகவரி சொல்கிறார்கள், நேரம் சொல்வதில்லை. நீதிமன்றங்கள் வேலைநாளில் ஒன்பது மணிக்குத் தொடங்குவதால் ஒன்பதுக்குப் போய்விடலாம் என்று அவனாகவே முடிவு செய்துகொள்கிறான். போனால், அது ஏழைகள் குடியிருக்கும் பெரிய அடுக்குக் கட்டடம். எந்தத் தளம், எந்தக் கதவு என்று தெரியாது. விசாரணைக் குழுவைத் தேடுகிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, லான்ஸ் என்ற தச்சர் இங்கே குடியிருக்கிறாரா என்று ஒரு பொய்க் கேள்வியைப் புனைந்துகொண்டு வீடுவீடாகத் தட்டுகிறான். ஐந்தாம் தளத்தில் குழந்தைகளின் துணியைத் துவைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண், தச்சர் லான்ஸ் என்ற பெயரைக் கேட்டதும், ஈரக் கையால் அடுத்த அறையைக் காட்டி உள்ளே போகச் சொல்கிறாள். உள்ளே கூட்டம் நிரம்பியிருக்கிறது. விசாரணை நீதிபதி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்கிறார்.

இந்தப் பகுதியை மாணவர்களுக்கு வாசித்துக்காட்டி நிறுத்தினால் சிறிது நேரத்தில் யாராவது ஒருவர் கணக்குப் போட்டுவிடுவார். ஒன்பது மணி என்பது க. தன் மனத்துக்குள் வைத்துக்கொண்ட நேரம். அதை யாரிடமும் அவன் சொல்லவில்லை. ஆனால் நீதிமன்றம் அவனைத் தாமதமாக வந்தவன் என்று குற்றம்சாட்டுவது அந்த நேரத்தை வைத்துத்தான். அவன் இட்டுக்கட்டிய தச்சரின் பெயரே கதவைத் திறக்கிறது. இந்த நீதிமன்றம் எப்படி இயங்குகிறது என்பதற்கு நாவல் தரும் விதி இது: குற்றம்சாட்டப்பட்டவன் தானாக எதை ஒப்புக்கொள்கிறானோ, அது உடனே அங்கே சட்டமாகிவிடுகிறது. அவனைக் கைது செய்கிறார்கள், ஆனால் வங்கி வேலைக்குப் போகத் தடையில்லை. யாரும் அவனைக் கட்டி இழுத்துப்போவதில்லை. அவனே ஒவ்வொரு முறையும் தேடிப்போகிறான். கனவுபோல் குழப்பமாக இருக்கிறது என்று முதலில் தோன்றியது, மிகக் கறாரான ஓர் ஏற்பாடாக மாறிவிடுகிறது. எழுத்துக்கு வெளியே எந்தத் திறவுகோலும் இங்கே தேவைப்படவில்லை; ஓர் எண்ணையும் ஒரு பெயரையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதுமாக இருந்தது. நீங்கள் கேட்ட அந்த நடுவரிக்கு என் முதல் விடை இதுதான். இருக்கிறது, மறைந்தில்லை, பக்கத்தின் மேற்பரப்பிலேயே இருக்கிறது.

ஆனால் எல்லா நாவல்களுக்கும் இதே முறை இதே அளவு பயன்படாது. சர்ரியலிசம், அபத்தம் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டது. நூல் அட்டைகளிலும் அப்படித்தான் அச்சிடுகிறார்கள். வாசிக்கிறவருக்கு இரண்டும் வேறுவேறு உழைப்பைக் கேட்கின்றன. அபத்த எழுத்தில் தர்க்கம் முழுமையாக இருக்கும், நோக்கம்தான் இருக்காது. சாமுவேல் பெக்கெட்டின் ‘மொலாய்’ (1951) நாவலில் கதைசொல்லி கடற்கரையில் பொறுக்கிய பதினாறு கற்களைச் சப்பிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு நான்கு பைகள். எந்தக் கல்லும் இரண்டாம் முறை வாய்க்கு வராமல் பதினாறையும் முறையாகச் சப்பி முடிக்க வேண்டும். பைக்கு நான்கு கல்லாக வைத்துச் சுழற்றினால் அதே நான்கு கற்களே திரும்பத் திரும்ப வரக்கூடும் என்று கண்டுபிடிக்கிறான். வேறு பகிர்மானம் யோசிக்கிறான். அதற்கும் ஒரு குறை காண்கிறான். இப்படியே பக்கங்கள் போகின்றன. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கடைசியில், எந்தக் கல்லும் மற்றதைப் போலத்தான் இருக்கிறது என்று சொல்லி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் எறிந்துவிடுகிறான். மிஞ்சிய ஒன்றையும் தொலைத்தானோ, கொடுத்துவிட்டானோ, விழுங்கிவிட்டானோ, அதுவும் அவனுக்கு உறுதியாகத் தெரியவில்லை. இதை வாசிக்கும் வழி ஒன்றே ஒன்று: கற்களை அவனோடு சேர்ந்து எண்ண வேண்டும். எண்ணாமல் தாண்டிப் படித்தால் வெறும் பிதற்றலாகத் தெரியும். எண்ணினால், பயனற்ற ஒன்றுக்காக இவ்வளவு நேர்த்தியாக உழைக்க முடிகிற மூளையைக் கண்டு சிரிப்பும் ஒருவித அச்சமும் ஒருங்கே வரும்.

சர்ரியலிசத்தின் பிறப்பே வேறு. அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஆந்த்ரே பிரெத்தோன் மருத்துவ மாணவராக இருந்தவர். முதல் உலகப் போரின்போது மனநல மருத்துவப் பிரிவுகளில் பணியாற்றி, போர்முனையிலிருந்து மனம் சிதறி வந்த வீரர்களின் பேச்சை நேரில் கேட்டவர். 1919இல் அவரும் கவிஞர் ஃபிலிப் சூப்போவும் அறிவின் கட்டுப்பாடின்றி வந்ததை வந்தபடி எழுதும் தானியங்கி எழுத்தை முயன்றார்கள். 1924இல் முதல் சர்ரியலிச அறிக்கை வெளியாயிற்று. அந்த அறிக்கையில் பிரெத்தோன் நாவல் என்ற வடிவத்தையே எள்ளி நகையாடுகிறார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் வரும் ஓர் அறை வருணனையை எடுத்துக்காட்டி, இந்த அறைக்குள் தாம் நுழையப்போவதில்லை என்கிற தோரணையில் பேசுகிறார். 1928இல் அவரே எழுதிய ‘நாஜா’வில் வருணனை வர வேண்டிய இடங்களில் புகைப்படங்களை வைத்தார். ஆகவே ‘சர்ரியலிச நாவல்’ என்ற தொடருக்குள்ளேயே ஓர் இழுபறி இருக்கிறது. பொருந்தாத இரண்டை மோதவிட்டு எழும் படிமம் ஒரு கவிதையையோ ஒரு பக்கத்தையோ தாங்கும். முந்நூறு பக்கம் தாங்காது. நாவலாசிரியர் அந்தப் படிமத்துக்குப் பின்விளைவு கொடுத்தாக வேண்டும், அதாவது அதற்குக் காலமும் செலவும் சாவும் உண்டு என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். நல்ல சர்ரியலிச நாவல்கள் எல்லாம் இந்த ஒப்புதலில்தான் நல்லவையாகின்றன என்பது என் கருத்து. சர்ரியலிச இயக்கத்தார் இதைத் துரோகம் என்று சொல்லியிருக்கவும் கூடும்.

போரிஸ் வியான் 1947இல் வெளியிட்ட ‘நாட்களின் நுரை’ இதற்கு நல்ல சான்று. புதிதாக மணமான க்ளோயேயின் நுரையீரலில் ஓர் அல்லி வளர்கிறது. அது எந்த நோய்க்கு உருவகம் என்று கேட்டால் காசநோய் என்று ஒருவர் சட்டென்று சொல்லிவிடுவார். சொன்னவுடன் பேச ஒன்றுமில்லாமல் போய்விடும். அல்லி அல்லியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டால் நாவல் நகரத் தொடங்குகிறது. அவளைச் சுற்றி எப்போதும் புதிய பூக்கள் இருக்க வேண்டும் என்பது மருத்துவம். பூ வாங்கப் பணம் வேண்டும். செல்வனாக இருந்த கணவன் கொலானின் பணம் கரைகிறது. வீட்டின் அறைகள் சுருங்குகின்றன, சன்னல்களில் வெளிச்சம் குறைகிறது. இதுவரை வேலைக்கே போகாதவன் வேலை தேடுகிறான். துப்பாக்கிக் குழல்களைத் தன் உடற்சூட்டால் மண்ணில் வளர்த்தெடுக்கும் வேலை கிடைக்கிறது. அவன் வளர்த்த குழல்களின் முனையில் எஃகு ரோஜாக்கள் பூத்துவிடுவதால் அந்த வேலையும் போகிறது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் நடக்க முடியாதது. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் வரிசை, நோயாளி இருக்கிற எந்த வீட்டிலும் பணம் கரைகிற அதே வரிசை. அறை சுருங்குவதை அளந்துகொண்டே வாசித்தவருக்கு இறுதிப் பக்கங்களில் விளக்கவுரை தேவைப்படாது.

விளைவுகளைத் தொடரும் இந்த முறைக்கும் எல்லை உண்டு. சாதிக் ஹிதாயத் பாரசீகத்தில் எழுதி 1936இல் பம்பாயில் மிகச் சில படிகள் மட்டும் எடுத்து வெளியிட்ட ‘குருட்டு ஆந்தை’யில் இது பாதி வழியோடு நின்றுவிடுகிறது. பேனாப் பெட்டிகளின்மேல் ஓவியம் தீட்டும் ஒருவன் மீண்டும் மீண்டும் ஒரே காட்சியையே வரைகிறான்: ஒரு சைப்ரஸ் மரம், அதன் அடியில் கூனல் கிழவன், இடையில் ஓடை, மறுபுறம் கறுப்பு உடையணிந்த பெண் அவனுக்கு ஒரு மலரை நீட்டுகிறாள். இந்த உருவங்களே வேறுவேறு ஆட்களாக, வேறு காலத்தில், நாவலின் இரண்டாம் பகுதியில் திரும்பி வருகின்றன. கிழவனின் மயிர்க்கூச்செறியும் சிரிப்பு ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குத் தாவுகிறது. எது முன், எது பின், எது காரணம், எது விளைவு என்று தேடினால் கிடைக்காது. இங்கே செய்ய வேண்டியது ஓர் இசைக்கோலத்தைக் கேட்பதுபோல், திரும்ப வருவதை அடையாளம் கண்டுகொள்வதும், திரும்பும்போது அதில் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பதும்தான். அதனால் இது இரண்டாம் வாசிப்பில்தான் திறக்கும். நீங்கள் முடிக்காமல் விட்ட மற்ற இரண்டு நாவல்களும் இந்த வகையைச் சேர்ந்தவையாக இருந்தால், முதல் முறை சலிப்பு வந்ததில் வியப்பில்லை. மாய யதார்த்தம் என்று சொல்லப்படும் லத்தீன் அமெரிக்க நாவல்களை இந்தக் கூட்டத்தோடு சேர்க்க வேண்டாம்; அங்கே அதிசயம் ஊராரின் நினைவோடும் நம்பிக்கையோடும் ஒட்டியே வருவதால், யதார்த்த நாவல் வாசித்துப் பழகியவருக்குப் பொதுவாக இவ்வளவு திணறல் இருப்பதில்லை.

இனி, எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்பதைப் பிரித்துக்கொள்வது நல்லது. இந்நாவல்களைப் பற்றி எழுதப்படும் விளக்கங்களில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. காஃப்கா 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார் என்பது உறுதி. அலுவலகக் கடிதத்தின் நடை, மேல்முறையீடு, கோப்பு, படிநிலை ஆகியவற்றை அவர் உள்ளிருந்து அறிந்தவர். ‘விசாரணை’யை 1914-15இல் எழுதி முடிக்காமல் விட்டார் என்பதும், அவர் இறந்தபின் 1925இல் நண்பர் மக்ஸ் பிரோட் அதைப் பதிப்பித்தார் என்பதும் உறுதி. முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும் தெளிவாக இருக்கின்றன. நடுவில் உள்ளவை தனித்தனிக் கட்டுகளாகக் கிடந்தவை, சில முற்றுப்பெறாதவை, அவற்றின் வரிசை பதிப்பாசிரியர்கள் அமைத்தது. ஆகவே நடுப்பகுதியில் கதை முன்னேறாமல் ஒரே இடத்தில் நிற்பதாக உங்களுக்குத் தோன்றியிருந்தால் அதற்கு உங்கள் வாசிப்பு மட்டும் காரணமில்லை. கையெழுத்துப் பிரதியின் நிலையும் ஒரு காரணம். ஐயத்துக்கு உரியவை வேறு. அந்த நீதிமன்றம் இறைவனின் தீர்ப்பைப் பேசுகிறது என்பார்கள்; பின்னால் வரவிருந்த சர்வாதிகார ஆட்சிகளை முன்கூட்டிச் சொன்னது என்பார்கள்; தந்தையின் நிழல் என்பார்கள். மூன்றுக்கும் நாவலுக்குள் ஆதாரம் காட்ட முடியும், மூன்றையும் மறுக்கவும் நாவலுக்குள்ளேயே ஆதாரம் காட்ட முடியும். சமயம் சார்ந்த விளக்கத்தை வலியுறுத்தியவர்களில் பிரோட்டும் ஒருவர் என்பதால் அதற்குக் கூடுதல் எடை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நெருங்கிய நண்பர் என்பதாலேயே ஒருவருடைய விளக்கம் சரியாகிவிடும் என்று நான் கருதவில்லை.

அடுத்தது, ஒன்றுமில்லாததைப் புகழ்கிறார்களா என்ற ஐயம். சில சமயங்களில் ஆம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. புரியாமை என்பது எளிதில் செய்யக்கூடிய பொருள். காரணத்தை நீக்கிவிட்டு வாக்கியத்தை இருட்டாக்கினால் ஆழம்போல் தோன்றும். போலியைக் கண்டுகொள்ள நான் முதலில் பார்ப்பது விலை. ஒரு நாவலில் நடக்க முடியாத ஒன்று நடந்தால் அதற்கு யாராவது விலை கொடுக்கிறார்களா? அல்லி வளர்ந்தால் பணம் போகிறது. பூச்சியானால் குடும்பம் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது, வீட்டில் மூன்று பேரை வாடகைக்கு வைக்க வேண்டியிருக்கிறது. மாறாக, மனிதன் பறவையாகி, பறவை கடிகாரமாகி, கடிகாரம் அழுது, அடுத்த அத்தியாயத்தில் எவருக்கும் எதுவும் குறையாமல் இருந்தால், அங்கே ஆசிரியர் எதையும் பணயம் வைக்கவில்லை. பிறகு பார்ப்பது வாக்கியத்தின் துல்லியம். நல்ல அபத்த எழுத்தில் பொருள்களும் எண்களும் கைக்கு அகப்படும் அளவு திட்டவட்டமாக இருக்கும். பதினாறு கல், நான்கு பை, ஒரு மணி ஐந்து நிமிடம். போலியில் எல்லாம் ‘ஏதோ ஒன்று’, ‘எங்கோ’, ‘வெறுமை’ என்று மூட்டமாகக் கிடக்கும். அத்தியாயங்களை இடம் மாற்றிப் பார்க்கச் சொல்வோரும் உண்டு. மாற்றியும் எந்த வேறுபாடும் இல்லையென்றால் கட்டுமானம் இல்லை என்பார்கள். இதை நான் தயக்கத்தோடுதான் பயன்படுத்துவேன், ஏனென்றால் ‘விசாரணை’யே இந்தச் சோதனையில் நடுப்பகுதியில் தோற்றுவிடும். தானியங்கி எழுத்தில் பிறந்த பக்கங்களுக்கோ இந்த அளவுகோல்கள் எதுவுமே பொருந்தாது. அங்கே ஒரு படிமம் உண்மையில் மனத்தின் அடியிலிருந்து வந்ததா, அப்படி வந்ததுபோல் மேசையில் உட்கார்ந்து செய்யப்பட்டதா என்று வாசகரால் பிரித்தறிய முடியாது, என்னாலும் முடிந்ததில்லை.

வாசிக்கும்போது கையாளக்கூடிய சில பழக்கங்களைச் சொல்கிறேன். தொடக்கப் பக்கங்களை ஒரே அமர்வில் வாசியுங்கள். யதார்த்த நாவலைத் தினமும் நாலைந்து பக்கமாகப் படித்தாலும் விட்ட இடத்தில் தொடரலாம், ஏனென்றால் அதன் உலகம் நாம் வாழும் உலகமே. இந்நாவல்களின் உலகத்துக்கு விதிகள் தனி. அவை மனத்தில் பதியும்வரை இடைவெளி விட்டால் ஒவ்வொரு முறையும் வாசலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். ஒரு தாளில் குறிப்பு எடுப்பதானால் குறியீடுகளை எழுதாதீர்கள். இந்த உலகில் எது சாதாரணம், எதைக் கண்டு ஆட்கள் திடுக்கிடுகிறார்கள், பணமும் நேரமும் உடம்பும் இங்கே எப்படி நடந்துகொள்கின்றன என்று எழுதுங்கள். ஃபிளான் ஓ’பிரையனின் ‘மூன்றாவது போலீஸ்காரர்’ நாவலில், மிதிவண்டியில் அதிகம் போகிறவரின் அணுக்களும் வண்டியின் அணுக்களும் இடம் மாறி ஆள் மெல்ல வண்டியாகிவிடுவார் என்று ஒரு போலீஸ் சார்ஜென்ட் நம்புகிறார். ஊர்க்காரர் ஒருவரைக் காப்பாற்றுவதற்காக அவருடைய வண்டியை அந்த சார்ஜென்டே திருடி ஒளித்துவைக்கிறார். அந்த ஊரில் மிதிவண்டித் திருட்டு ஏன் இவ்வளவு பெரிய குற்றமாகப் பேசப்படுகிறது என்ற குறிப்பு உங்கள் தாளில் இருந்தால் இந்த இடம் வரும்போது வாய்விட்டுச் சிரிப்பீர்கள். 1940இல் பதிப்பாளரால் மறுக்கப்பட்டு, ஆசிரியர் இறந்த மறு ஆண்டில், 1967இல் வெளிவந்த நாவல் அது. அதன் முன்னுரையை மட்டும் முதலில் படித்துவிடாதீர்கள். கடைசியில் தெரிய வேண்டியதை முன்னுரைக்காரர்கள் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

சிரிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் இவ்வகை நூல்களை வாசகர்கள் கைவிடுவதற்குப் புரியாமையைவிட முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வதே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். காஃப்கா ‘விசாரணை’யின் முதல் அத்தியாயத்தை நண்பர்களுக்கு வாசித்துக்காட்டியபோது மேற்கொண்டு வாசிக்க முடியாத அளவுக்குச் சிரித்தார் என்று பிரோட் பதிவு செய்திருக்கிறார். கைது செய்ய வந்த காவலர்கள் கைதானவனின் காலை உணவைத் தாங்களே தின்றுவிடும் அத்தியாயம் அது. இந்த நகைச்சுவை அலுவலக மொழியின் கறார் தொனியில் தங்கியிருப்பதால், மொழிபெயர்ப்பு மூலத்தின் வாக்கிய அமைதியைக் காப்பாற்றியிருக்கிறதா என்பது இங்கே வழக்கத்தைவிட முக்கியம். தமிழில் ஏ.வி. தனுஷ்கோடி ‘விசாரணை’யை ஜெர்மனிலிருந்தும், வெ. ஸ்ரீராம் காம்யுவின் ‘அந்நிய’னைப் பிரெஞ்சிலிருந்தும் நேரடியாகப் பெயர்த்திருக்கிறார்கள். வேறு மொழிபெயர்ப்பில் படித்துத் திணறியிருந்தால் இவற்றில் ஓரிரு பக்கங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

தத்துவம் படித்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்குச் சுருக்கமான விடை, வேண்டியதில்லை என்பதே. அல்பெர் காம்யு 1942இல் ‘அந்நியன்’ நாவலையும் ‘சிசிஃபஸின் தொன்மம்’ என்ற கட்டுரை நூலையும் அடுத்தடுத்து வெளியிட்டதால், கட்டுரையைப் படித்தால்தான் நாவல் விளங்கும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அபத்தம் உலகத்தில் மட்டுமோ மனிதனிடம் மட்டுமோ இல்லை, பொருள் கேட்கும் மனிதனும் பதில் தராத உலகமும் எதிர்ப்படும் இடத்தில் இருக்கிறது என்பது அந்தக் கட்டுரையின் அடிப்படைக் கருத்து. அதைத் தெரிந்துகொண்டு ‘அந்நிய’னுக்குள் போகிறவர் கருத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, வெயிலையும் வியர்வையையும் கவனிக்காமல் வெளியே வந்துவிடுகிறார். மேலும், நடக்க முடியாத ஒரு நிகழ்ச்சிகூட ‘அந்நிய’னில் இல்லை. ‘அபத்தம்’ என்ற பெயர் காம்யுவிடம் ஒரு வாழ்நிலையையும், 1961இல் விமர்சகர் மார்ட்டின் எஸ்லின் ‘அபத்த நாடகம்’ என்று பெயர் சூட்டி விவரித்த எழுத்தாளர்களிடம் ஒரு வடிவத்தையும் சுட்டுகிறது; தத்துவ நூலை முதலில் படிப்பவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். கட்டுரையைப் பிறகு படியுங்கள், அது தனி நூலாகவே சிறந்தது.

எங்கிருந்து மறுபடி தொடங்குவது என்று கேட்டால், கோகோலின் ‘மூக்கு’ (1836) கதையிலிருந்து தொடங்கச் சொல்வேன். முகத்திலிருந்து காணாமல்போன மூக்கு தன்னைவிட உயர்ந்த பதவியின் சீருடையில் ஊர் சுற்றுவதைக் கண்டு ஓர் அதிகாரி அதனிடம் மரியாதையாகப் பேசத் திணறும் அந்தச் சிறுகதையில், மேலே சொன்ன கேள்விகள் எல்லாவற்றையும் ஒரே மாலையில் பயின்றுவிடலாம். பிறகு ‘உருமாற்றம்’, பிறகு நீங்கள் விட்டுவைத்த ‘விசாரணை’, அதன்பின் வியானோ ஓ’பிரையனோ. ஹிதாயத்தையும் பெக்கெட்டையும் இவற்றுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். இவ்வளவுக்குப் பிறகும் இவை பிடிக்கவில்லையென்றால் அதை ஒரு குறையாக எண்ண வேண்டாம். கனவைக் கேட்கப் பொறுமையில்லாத மிக நல்ல வாசகர்களை நான் அறிவேன். காஃப்காவின் ‘கோட்டை’யை மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியில் எடுங்கள். அவருடைய கையெழுத்துப் பிரதி வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. அதைப் பின்பற்றிய பதிப்பு உங்கள் கைக்கு வந்தால், அச்சகத்தார் கடைசித் தாளை விட்டுவிட்டார்கள் என்று நூலைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.